படகுப் பெட்டி யார் பேச்சைக் கேட்கும்?

பிச்சாவரத்துக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது சுரபுன்னைக் காட்டையும் அதன் நடுவே நெளியும் வாய்க்கால்களையும்தான். துடுப்புப் படகில் ஒரு சுற்று, 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆர். வந்த இடம் எது என்று படகோட்டியிடம் ஒரு கேள்வி, கரையில் வறுத்த மீன். அதோடு சிதம்பரம் திரும்பிவிடுவார்கள். காட்டுக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தொடுகிற முகத்துவாரங்களுக்கு நடுவே இருக்கிற ஊர்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. முடசல்ஓடை, சின்னவாய்க்கால், எம்.ஜி.ஆர். திட்டு என்று அவற்றுக்குப் பெயர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி புரட்டிப்போட்ட கரை இது. 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மறுபடி அடிபட்டது.

இப்படிப்பட்ட கரையிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்காக இஸ்ரோ செய்த கருவிகளின் கதை 2010-ல் தொடங்குகிறது. முதலில் வந்தது ஆபத்து அறிவிப்புக் கருவி. படகில் தீயோ, கசிவோ, உடம்புக்கு முடியாமையோ ஏற்பட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். செயற்கைக்கோள் வழியே கரைக்குச் செய்தி போகும். ஆனால் போய்ச் சேர்ந்ததா என்பது படகில் இருப்பவருக்குத் தெரியாது. 2024-ல் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவிதான் 'கேட்டுவிட்டோம்' என்று பதில் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் இன்னும் பெரியது. 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பெட்டிகள். சுமார் 360 கோடி ரூபாய் செலவு. படகு இருக்கும் இடம் கரைக்குத் தெரியும், புயல் எச்சரிக்கை படகுக்கு வரும், எல்லைக் கோட்டை நெருங்கினால் பெட்டி சொல்லும்.

வாய் மட்டும் இருந்த கருவிக்கு இப்போது காதும் முளைத்திருக்கிறது. பேச மட்டும் தெரிந்ததை ஏமாற்றுவது கடினம். கேட்கத் தெரிந்ததை ஏமாற்றலாம். இந்தப் பெட்டி மட்டுமல்ல. இறால் குளத்தின் காற்றூட்டியை இயக்கும் கருவி, ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் இயந்திரம், தெருமுனைக் கேமரா என்று நம்மைச் சுற்றி ஓசைப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உனக்குள் ஓடுகிற நிரலை எழுதியது யார்?

இவற்றில் பலவற்றின் மூளை மைக்ரோகண்ட்ரோலர் என்கிற சிறு சிப். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கணக்குப் போடும் பகுதி, நிரலை வைத்திருக்கும் ஃபிளாஷ் நினைவகம், கொஞ்சம் தற்காலிக நினைவகம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மின்சாரம் வந்ததும் அது செய்யும் முதல் வேலை, நினைவகத்தில் குறித்துவைத்த முகவரிக்குப் போய் அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யத் தொடங்குவது. யார் எழுதியது என்று கேட்காது. நேற்று இருந்ததும் இதுவும் ஒன்றா என்று பார்க்காது. எழுதியிருந்தால் போதும், பணிந்துவிடும்.

இந்தப் பணிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2015-ல் அமெரிக்கா பார்த்தது. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றை வீட்டில் உட்கார்ந்தபடி அடக்கிக் காட்டினார்கள். செல்பேசி வலைப்பின்னல் வழியாகக் காரின் பாட்டுப்பெட்டிக்குள் நுழைந்தார்கள். அதுவரைக்கும் பெரிய ஆபத்தில்லை. அந்தப் பெட்டிக்குள் வி850 என்ற சிறிய மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று இருந்தது. காரின் பிரேக், ஸ்டீயரிங் செய்திகள் ஓடும் கம்பியோடு அதற்குத் தொடர்பு உண்டு. அதில் இருந்த நிரலை அழித்துத் தங்கள் நிரலை எழுதினார்கள். அதில் தயாரிப்பாளரின் கையொப்பம் இருக்கிறதா என்று அந்தச் சிப் கேட்கவே இல்லை. 14 லட்சம் வாகனங்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 23-ல் உக்ரைனின் மின்வாரியங்களைத் தாக்கியவர்கள், துணைமின் நிலையங்களில் இருந்த சிறிய தொடர்புப் பெட்டிகளின் நிரலைக் குப்பையால் நிரப்பிவிட்டுப் போனார்கள். சுமார் 2.25 லட்சம் வாடிக்கையாளர்கள் இருட்டில் இருந்தார்கள். அந்தப் பெட்டிகளைத் தூரத்திலிருந்து உயிர்ப்பிக்க வழியில்லாமல் போயிற்று.

மூவர் வந்தால்தான் கதவு

நிரலின் கையொப்பத்தைக் கேட்டுச் சரிபார்க்கும் ஏற்பாட்டைச் சிதம்பரத்துக்காரர்களுக்குப் புரியவைக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. உமாபதி சிவாச்சாரியாரின் 'திருமுறைகண்ட புராணம்' சொல்லும் கதை எல்லோரும் அறிந்தது. தில்லைக் கோயிலின் அறை ஒன்றில் தேவார ஏடுகள் இருக்கின்றன. கதவில் மூவரின் கையடையாளம். அந்த மூவரே வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். ஏடுகளைத் தேடி வந்த மன்னன் அசரவில்லை. சம்பந்தர், அப்பர், சுந்தரர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். இவர்கள் அவர்கள்தான் அல்லவா என்று கேட்கிறான். கதவு திறக்கிறது.

பக்தர்கள் பொறுத்தருள வேண்டும். பாதுகாப்புப் பொறியாளர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டால் பதறிப்போவார். விதி சரியானது: அடையாளம் வைத்தவர் வர வேண்டும். சரிபார்த்த முறையில்தான் இடைவெளி. வந்தவர் அவர்தானா, அவருடைய உருவமா என்று பிரிக்க வழியில்லை.

செக்யூர் பூட் என்ற ஏற்பாடு அந்த இடைவெளியைக் கணிதத்தால் அடைக்கப் பார்க்கிறது. தயாரிப்பாளரிடம் இரண்டு சாவிகள். ஒன்று தனிச்சாவி, அது தொழிற்சாலையை விட்டு வெளியே போகக் கூடாது. மற்றது பொதுச்சாவி, ஊரே பார்த்தாலும் கெடுதல் இல்லை. நிரல் எழுதி முடித்ததும் அது முழுவதையும் ஹேஷ் என்ற 32 பைட் சுருக்கக் குறியாக மாற்றுகிறார்கள். நிரலில் ஒரு புள்ளி மாறினாலும் இந்தக் குறி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அந்தக் குறியின் மேல் தனிச்சாவியால் கையொப்பம் இடுகிறார்கள். பெட்டி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பூட்லோடர் என்ற சின்ன நிரல் முதலில் ஓடுகிறது. அது பெரிய நிரலின் குறியைத் தானே மறுபடி கணக்கிட்டு, பொதுச்சாவியை வைத்துக் கையொப்பத்தைச் சோதிக்கிறது. பொருந்தினால் வழிவிடும். இல்லையென்றால் பெட்டி அங்கேயே நிற்கும். உருவத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலை இங்கே நடக்காது. தனிச்சாவி இல்லாதவரால் கையொப்பத்தை உண்டாக்க முடியாது என்பதுதான் கணிதம் தரும் உறுதி.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நூறு ரூபாய்ச் சிப்பில் செய்யப் போகும்போதுதான் தலைவலி. பொதுச்சாவியை ஃபிளாஷில் வைத்தால், நிரலை மாற்றத் தெரிந்தவன் சாவியையும் மாற்றிவிடுவான். மேகத்தில் இருக்கும் கணினியிடம் கருவி தன்னை நிரூபிக்க வேண்டும் என்றால் அதற்கென ஒரு தனிச்சாவி வேண்டும். அதை ஒளித்துவைக்க இடமில்லை. கையொப்பத்தைச் சோதிக்கும் கணக்கும் கனமானது. சிறிய சிப்பில் மென்பொருளாக மட்டும் ஓட்டினால் நொடிக்கணக்கில் இழுக்கும்.

இந்த இடத்தில்தான் பாதுகாப்புச் சிப் வருகிறது. மைக்ரோசிப் நிறுவனத்தின் ஏடிஇசிசி608, என்எக்ஸ்பியின் எஸ்இ050, இன்ஃபினியானின் ஆப்டிகா டிரஸ்ட் என்று சந்தையில் பல உண்டு. ஏடிஇசிசி608 எட்டுக் கால் கொண்ட பொட்டுப் போன்ற துண்டு. மைக்ரோகண்ட்ரோலரோடு இரண்டு கம்பியில் பேசும். தன் தனிச்சாவியைத் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும், வெளியே தராது. நிரலைச் சோதிப்பதற்கான பொதுச்சாவியை அதன் அறை ஒன்றில் எழுதிப் பூட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. மைக்ரோகண்ட்ரோலர் குறியையும் கையொப்பத்தையும் அனுப்பினால், நொடியின் சிறு பகுதிக்குள் சரி அல்லது தவறு என்று பதில் வரும்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். சிப்பை வாங்கிப் பலகையில் ஒட்டிவிட்டு, விளம்பரத்தில் 'ராணுவத் தரப் பாதுகாப்பு' என்று போட்டுவிடுவார்கள். அந்தச் சிப்புக்குக் கை கிடையாது. தவறான நிரல் ஓடுவதை அதனால் தடுக்க முடியாது. கேட்டால் சொல்லும், அவ்வளவுதான். கேட்க வேண்டியது பூட்லோடர். பூட்லோடரையே ஒருவன் மாற்றி எழுதிவிட்டால் கேள்வியே எழாது. பாதுகாப்புச் சிப் பேச்சுத்துணை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆகவே பூட்லோடர் இருக்கும் பகுதியை இனி எவரும் எழுத முடியாதபடி மைக்ரோகண்ட்ரோலரிலேயே பூட்ட வேண்டும். நிரல் ஏற்றப் பயன்பட்ட சோதனை முனையையும் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன் அடைக்க வேண்டும்.

அப்படியே செய்தாலும் அந்த இரண்டு கம்பி பாக்கி இருக்கிறது. பெட்டியைத் திறந்து கம்பியின் நடுவே உட்கார்ந்துகொள்கிற ஒருவன், பாதுகாப்புச் சிப் 'தவறு' என்று சொன்னாலும் 'சரி' என்று மாற்றிச் சொல்லலாம். இதற்குத்தான் தயாரிப்பின்போதே இரண்டு சிப்புகளுக்கும் பொதுவாக ஒரு ரகசியத்தைப் பதித்துவைக்கிறார்கள். மைக்ரோகண்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணைக் கொடுக்கும். பதில் அந்த எண்ணையும் ரகசியத்தையும் கலந்து வர வேண்டும். நேற்றைய 'சரி'யைப் பதிவு செய்துவைத்து இன்று போட்டுக் காட்டினால் எடுபடாது. ஏடிஇசிசி608-ன் ஆவணங்களில் இந்த வசதி தெளிவாகவே இருக்கிறது. அவசரத்தில் இதை விட்டுவிட்டால், கையொப்பம் என்ற மொத்தக் கோட்டையும் ஒரு மெல்லிய கம்பியில் தொங்கும்.

இன்னொரு சந்து: பழைய நிரல். போன ஆண்டு வெளியான நிரலில் ஓட்டை இருந்தது, இந்த ஆண்டு அடைத்துவிட்டார்கள். ஆனால் போன ஆண்டு நிரலிலும் அசல் கையொப்பம் இருக்கிறதே! அதைக் கொண்டுவந்து ஏற்றினால் பெட்டி மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும். அதைத் தடுக்க, முன்னே மட்டும் போகத் தெரிந்த, பின்னே வரத் தெரியாத ஓர் எண்ணியைப் பாதுகாப்புச் சிப்பில் வைத்து, அதைவிடக் குறைந்த எண் கொண்ட நிரலை மறுக்க வேண்டும்.

உடைக்கவே முடியாது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2019-ல் இஎஸ்பி32 சிப்பின் செக்யூர் பூட்டையும், 2020-ல் நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52 சிப்பின் சோதனை முனைப் பூட்டையும் 'லிமிடெட் ரிசல்ட்ஸ்' என்ற பெயரில் எழுதும் ஆய்வாளர் தாண்டிக் காட்டினார். சரியான கணத்தில் மின்னழுத்தத்தை ஒரு நொடியின் மிகச் சிறு துண்டுக்குத் தடுமாற வைத்தால், சிப் ஒரு கட்டளையைத் தவறவிடும். அது 'கையொப்பம் பொருந்தாவிட்டால் நில்' என்ற கட்டளையாக இருந்தால் போதும். பாதுகாப்புச் சிப்புகளும் தப்பவில்லை. லெட்ஜர் நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2020-ல் ஏடிஇசிசி508ஏ-வையும், அடுத்த ஆண்டு அதன் பின்தோன்றலான 608ஏ-வையும் லேசர் பாய்ச்சி ரகசியத்தைக் கக்க வைத்தது. ஆனால் அதற்கு ஆய்வகமும் விலை உயர்ந்த லேசர் மேடையும் சிப்பின் மூடியைச் சுரண்டித் திறக்கும் திறமையும் வேண்டும். ஒரு படகுப் பெட்டிக்காக அந்தச் செலவை எவன் செய்வான்? ஒரே சாவியை 1 லட்சம் பெட்டிகளுக்கும் பொதுவாக வைத்திருந்தால், செய்வான். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி ரகசியம் என்ற விதி அதனால்தான் முக்கியம்.

மின்னழுத்தத் தடுமாற்றம் என்றதும் எனக்கு ஆய்வகம் நினைவுக்கு வருவதில்லை. விசைப்படகின் டீசல் இன்ஜின்தான். ஸ்டார்ட்டரைத் திருகும் கணத்தில் பேட்டரி அழுத்தம் தடாலென்று இறங்கி ஏறும். எதிரி யாரும் இல்லாமலே இயற்கையாக நடக்கும் தாக்குதல் அது. அழுத்தம் குறைந்தால் உடனே நின்றுவிடும் காப்புச் சுற்று இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். புதிய நிரல் பாதி இறங்கியபோது பேட்டரி போய்விட்டால் பெட்டி செத்துவிடக் கூடாது; பழையதற்கு ஓர் இடம், புதியதற்கு ஓர் இடம் என்று நினைவகத்தை இரண்டாகப் பிரித்து, புதியது முழுதாக வந்து கையொப்பம் தேறிய பிறகே மாற வேண்டும். எம்சியுபூட் என்ற திறந்த மூல பூட்லோடர் இதை இலவசமாகவே செய்கிறது. உப்புக் காற்றில் முனைகள் துருப்பிடிக்கும் இந்தக் கரையில், லேசர் வைத்திருப்பவனைவிட இந்தச் சங்கடங்களே அன்றாடம் வருபவை.

அதோடு, கையொப்பம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. போலி ஜிபிஎஸ் சமிக்ஞையை வானில் வீசினால், அசல் நிரலே அசல் மனதோடு தவறான இடத்தைக் காட்டும்.

3,219 வாக்குகள்

கையொப்பம், எண்ணி, இரண்டு இடம் என்று இவ்வளவு சிரமம் எதற்கு? நிரலை ஒருமுறை எரித்துவிட்டு, இனி எவராலும், தயாரிப்பாளராலும்கூட, மாற்ற முடியாதபடி செய்துவிட்டால் என்ன? இந்தியா மிகப் பெரிய அளவில் அப்படிச் செய்த கருவி ஒன்று உண்டு. பெங்களூரின் பெல் நிறுவனமும் ஐதராபாத்தின் இசிஐஎல்லும் செய்யும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். அதன் நிரல் ஒரு முறை மட்டுமே எழுதக்கூடிய நினைவகத்தில் பதிக்கப்படுகிறது என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது. எம்3 தலைமுறையில் கூடுதலாக, இயந்திரத்தின் பகுதிகள் ஒன்றையொன்று மின்னணுச் சான்றிதழால் சோதித்துக்கொள்ளும். அந்நிய அலகை இணைத்தால் ஏற்காது. பாதுகாப்புச் சிப் செய்யும் வேலைக்கு இது நெருங்கிய உறவு.

பிச்சாவரத்தை உள்ளடக்கிய சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் 2019-ல் தொல். திருமாவளவன் வென்றது 3,219 வாக்குகளில். அவரும் அடுத்து வந்த வேட்பாளரும் தலா 5 லட்சத்தை ஒட்டி வாங்கிய தேர்தல் அது. இவ்வளவு நெருக்கமான முடிவில் இயந்திரத்துக்குள் இருப்பது எது என்ற கேள்வி எந்தக் கட்சிக்காரருக்கும் வரலாம். அதைக் கேட்பது சதிக்கோட்பாடு ஆகாது. உச்ச நீதிமன்றமும் 2024 ஏப்ரல் 26-ல் அதைத்தான் ஏற்றது. காகிதச் சீட்டுக்குத் திரும்பும் கோரிக்கையை மறுத்த அதே தீர்ப்பில், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுத்துமூலம் கேட்டால், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் எரிக்கப்பட்ட நினைவகத்தைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும் என்றது. அப்போது கட்டணம் ஒரு தொகுப்புக்கு 40,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு நாடு முழுவதும் வந்த 8 விண்ணப்பங்களில் வேலூரும் விருதுநகரும் அடக்கம்.

என் கருத்து இது. வாக்கு இயந்திரத்தின் வேலை தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதில்லை. பொத்தானை எண்ண வேண்டும், அவ்வளவே. அதற்கு எரித்துப் பூட்டுவதே பொருத்தம். ஆனால் பூட்டிய ஒன்றை வெளியாள் எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி அங்கே தீராமல் நிற்கிறது. செய்தவரே சோதித்துச் செய்தவரே சான்று தருவது நிறைவான பதில் இல்லை. படகுப் பெட்டிக்கோ எரித்துப் பூட்டும் முறை ஒத்துவராது. அது வலைப்பின்னலில் பேசுகிறது, நாளை ஓட்டை தெரியும், திருத்த வேண்டும். திருமுறைக் கதையின் பின்பாதியில், மன்னன் கதவைத் திறந்தபோது ஏடுகளில் பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது. கையடையாளம் குலையவில்லை, ஏடு மிஞ்சவில்லை. பத்தாண்டு கடலில் கிடக்கப்போகும் கருவிக்குப் பூட்டு மட்டும் போட்டு, திருத்த வழி வைக்காவிட்டால் அதே கதிதான்.

சாவி யாரிடம்?

இந்த விஷயத்தில் அரசு தூங்கவில்லை. 2024 ஏப்ரல் 9-ல் வந்த அறிவிக்கையின்படி, இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் சில பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்ட வேண்டும். 2025 ஏப்ரல் 9 முதல் அது கட்டாயம். தொடங்கும்போது நிரலின் கையொப்பத்தைச் சோதிக்கிறதா, பழைய நிரலுக்குத் திரும்ப விடாமல் தடுக்கிறதா என்பவை அந்தப் பட்டியலிலேயே உண்டு. ஆதாருக்கான கைரேகைக் கருவிகளில் எல்1 என்ற தரத்துக்கு மாறச் சொன்னதும் இதே எண்ணத்தில்தான்: ரேகைக்குக் கையொப்பமிடும் சாவி கருவியின் பாதுகாப்பான பகுதியை விட்டு வெளியே வரக் கூடாது.

சிப்புக்கும் தூரம் போக வேண்டியதில்லை. சென்னை ஐஐடியில் காமகோடி தலைமையில் உருவான 'சக்தி' திட்டம் 2018-லேயே சொந்த வடிவமைப்பில் செயலிகளைச் செய்து காட்டியது. அந்த வளாகத்தில் அடைகாக்கப்பட்ட மைண்ட்குரோவ் நிறுவனம் 2024 மே மாதம் 'செக்யூர் ஐஓடி' என்ற சிப்பை அறிமுகப்படுத்தியது. 700 மெகாஹெர்ட்ஸ் வேகம், 28 நானோமீட்டர் தொழில்நுட்பம். பாதுகாப்பு வேலைகள் முதன்மைச் சிப்புக்குள்ளேயே இருந்துவிட்டால், நடுவில் அந்த வம்பு பிடித்த இரண்டு கம்பி தேவையில்லை. 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட, இஸ்ரோவுக்காக ஐஐடி வடிவமைத்த 'ஐரிஸ்' சிப் மொகாலியில் உள்ள அரசு ஆலையிலேயே உருவானது.

சிப் எங்கே செய்தாலும், கடைசியில் எல்லாம் தனிச்சாவியிடம் போய் முடிகிறது. 2010 டிசம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 விழுந்தது சிப்பால் அல்ல. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டிய ரகசிய எண்ணை அவர்கள் ஒரே எண்ணாகப் பயன்படுத்தினார்கள். பள்ளி அல்ஜிப்ராவிலேயே தனிச்சாவி வெளியே வந்துவிட்டது. 2024 ஜூலையில் பைனார்லி நிறுவனம் கண்டுபிடித்தது இன்னும் வேடிக்கை. 'நம்பாதீர்கள்' என்று பெயரிலேயே எழுதியிருந்த சோதனைச் சாவியை, நூற்றுக்கணக்கான கணினி மாடல்களில் அப்படியே வைத்து விற்றிருந்தார்கள். சிறு நிறுவனங்களில் தனிச்சாவி பொறியாளரின் மடிக்கணினியிலேயே கிடப்பது அதிசயமில்லை. அவர் வேலை மாறினால் சாவியும் கூடவே போகும்.

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் இன்று இறால் குளத்துக்குக் கருவி செய்துகொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. ஆக்சிஜன் அளவைப் படித்து அனுப்ப மட்டும் செய்யும் உணர்கருவிக்குப் பாதுகாப்புச் சிப்பெல்லாம் ஆடம்பரம். காற்றூட்டி மோட்டாரை நிறுத்தவும் ஓட்டவும் அதிகாரம் உள்ள கருவிக்கு வேண்டும். விடியலுக்கு முன் குளத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும் நேரத்தில் மோட்டார் நின்றால், சில மணி நேரத்தில் குளத்து வன்னாமி இறால் கூட்டமாகச் சாகும்.

படகுக்காரருக்கு வேறு ஒரு பயம் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. இவ்வளவு பூட்டும் அவரையும் வெளியே நிறுத்துகிறது. இன்ஜினைப் பிரித்துப் போடும் உள்ளூர் மெக்கானிக் இந்தப் பெட்டியைத் தொட முடியாது. டெண்டர் எடுத்த நிறுவனம் ஐந்து ஆண்டுகளில் கடையை மூடிவிட்டால், தனிச்சாவியும் மறைந்துவிடும். அதன் பிறகு தெரியவரும் எந்த ஓட்டையையும் எவராலும் அடைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாக அமலாகும்போது, பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும் என்று விற்பவரைக் கட்டும். நம் சிசிடிவி விதி கேமராக்களுக்கு எழுதப்பட்டது. முடசல்ஓடையில் படகில் ஏறும் பெட்டிக்கான டெண்டரில் மூன்று வரி கூடுதலாக எழுதினால் போதும்: கையொப்பச் சாவியின் நகல் மூன்றாம் இடத்தில் பூட்டி வைக்கப்பட வேண்டும், நிறுவனம் மூடினால் அது மீன்வளத் துறைக்கு வர வேண்டும், படகின் ஆயுள் உள்ளவரை திருத்தங்கள் வர வேண்டும். அந்த வரிகளை எழுத எந்தச் சிப்பும் தேவையில்லை. தலைமைச் செயலகத்தில் ஒரு கோப்பு நகர்ந்தால் போதும்.